தோளில் ஓர் எண்

2009 ஏப்ரலில் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் இரவும் பகலுமாக நின்றோம். வன்னியில் ஷெல் விழுந்துகொண்டிருந்த நாட்கள். எங்களுக்கு எதிரே பொலிஸ் வரிசை. நேர் முன்னால் நின்ற இளம் பொலிஸ்காரரின் கறுப்புத் தோள்பட்டையில் உலோக எழுத்துகளும் எண்களும் மின்னின. பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா என் கையைத் தொட்டார்.

"தம்பி, அது என்ன நம்பர்?"

"அவர் ஆரெண்டு காட்டுற நம்பர் அம்மா. பிழை செய்தா அதைச் சொல்லி முறைப்பாடு குடுக்கலாம்."

அவர் அந்த எண்ணை உள்ளங்கையில் விரலால் மெல்ல எழுதிப் பார்த்தார்.

காக்கியைத் தூரத்தில் கண்டாலே சைக்கிளை விட்டு இறங்கிப் பழகியவர்கள் நாங்கள். தலை குனிந்தபடி கடந்து போனவர்களுக்குத் தோள் எங்கே தெரியும்? நானும் இங்கே வந்த பிறகுதான் தோளை வாசிக்கப் பழகினேன். மூன்று பட்டி என்றால் சார்ஜன்ட். இரண்டு நட்சத்திரம் இன்ஸ்பெக்டர், மூன்று என்றால் சீஃப் இன்ஸ்பெக்டர். கிரீடம் வந்துவிட்டால் சூப்பரின்டெண்டன்ட்.

1829இல் ராபர்ட் பீல் லண்டன் பொலிஸைத் தொடங்கியபோது சீருடைக்கு நீலத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், அன்று இராணுவம் சிவப்பு உடுத்தியிருந்ததுதான். தெருவில் நிற்பவன் சிப்பாய் அல்ல என்று சனத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த நீலக் கோட்டின் கொலரிலேயே எண் இருந்தது. தோளுக்கு ஏறியது பிறகு. நட்சத்திரம் ஆருக்கு ஆர் சலூட் அடிப்பது என்று பொலிஸுக்குச் சொல்கிறது. எண் எங்களோடு பேசுகிறது. அதனால்தான் அதே ஏப்ரலின் தொடக்கத்தில் ஜி20 ஆர்ப்பாட்டத்தில் சில பொலிஸார் தோள் எண்ணை மறைத்திருந்ததாகத் தெரிந்தபோது இந்த நாடு அவ்வளவு கோபப்பட்டது. லண்டனில் கான்ஸ்டபிளும் சார்ஜன்டும்தான் எண் அணிகிறார்கள்; இன்ஸ்பெக்டருக்கு வெறும் நட்சத்திரம். உத்தரவு போடுகிறவரின் தோளிலும் எண் இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

இருட்டத் தொடங்கியது. குளிருக்குப் போர்வையை இழுத்து மூடிக்கொண்ட அம்மா, அந்த இளைஞரின் தோளிலிருந்து பார்வையை எடுக்கவேயில்லை.

"தொண்ணூறில என்ர மகனைக் கொண்டுபோனவங்கட தோளிலயும் இப்பிடி நம்பர் இருந்திருக்குமோ, தம்பி? நான் பாக்காமல் விட்டிட்டன்."