மட்டாஞ்சேரி - டெல் அவீவ்: எவ்வளவு தூரம்?

போர்ட் கொச்சியில் சீன வலைகளைப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்தால் பத்தே நிமிடத்தில் மட்டாஞ்சேரி யூதர் தெரு. சுக்கு, மிளகு வாசனையைத் தாண்டி நடந்தால் தெருக்கோடியில் பரதேசி யூத ஆலயம். 1568-ல் கட்டப்பட்டது. தரையில் கையால் வரைந்த நீல, வெள்ளைச் சீன ஓடுகள். பயணிகளின் கூட்டத்துக்குக் குறைவில்லை. தொழத்தான் ஆளில்லை.

கொச்சி யூதர்களின் சந்ததியில் பெரும்பாலோர் இன்று இஸ்ரேலில். நேர்கோட்டில் அளந்தால் கொச்சியிலிருந்து டெல் அவீவ் சுமார் 4,900 கிலோமீட்டர். ஜெட் விமானம் நிற்காமல் பறந்தால் ஏறக்குறைய ஆறரை மணி நேரம்.

ஆனால் இந்தத் தடத்தில் நேர்கோடு வெகுகாலம் வரைபடத்தில் மட்டுமே இருந்தது. முற்காலத்தில் செங்கடல் வாயிலிலிருந்து முசிறிக்கு வர 40 நாள் என்று எழுதிவைத்தார் ரோமானியரான பிளினி. அகநானூறு பேசும் யவனர் மரக்கலங்கள் மிளகுக்காக வந்த அதே துறைமுகம். தங்கள் முன்னோரும் அங்கேதான் கரையிறங்கினர் என்பது கொச்சி யூதர்களின் மரபு. பருவக்காற்று அடித்தால் போதும், பாய்மரத்துக்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

விமானத்துக்கு வேண்டியிருந்தது. சவூதி அரேபியா தன் வான்வெளியை இஸ்ரேல் போக்குவரத்துக்கு மூடியிருந்தது. மும்பையிலிருந்து டெல் அவீவ் சுமார் 4,050 கிலோமீட்டர்தான். ஐந்தரை மணி நேரத்தில் முடியவேண்டிய பயணம். எல் அல் விமானங்களோ அரேபியாவைச் சுற்றிக்கொண்டு செங்கடல் வழியாகப் போயின. எட்டு மணி நேரம் வரை பிடித்தது. 2018 மார்ச் 22-ல் ஏர் இந்தியாவின் டெல்லி விமானம் சவூதி மேலாகப் பறந்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. 2022 ஜூலையில் எல்லா நாட்டு விமானங்களுக்கும் வழி திறப்பதாக சவூதி அறிவித்தது. 2023 அக்டோபரில் காசா போர் மூண்டபின் சேவைகள் நின்றும் தொடர்ந்தும் தடுமாறின. தூரம் மாறவில்லை, நேரம்தான் அரசியலுக்கேற்ப நீண்டு சுருங்குகிறது.

இஸ்ரேல் 1948-ல் உருவானது. 1950-களின் நடுவில் கொச்சி யூதர்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டனர். மழைக்குப் பஞ்சமில்லாத ஊரிலிருந்து போனவர்களில் ஒரு பகுதியினர் நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம் என்ற குடியிருப்பில் பயிர் செய்தனர். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஆலயத்தின் மரவேலைப்பாடுகள்கூடப் பின்னாளில் கடல் கடந்து, ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன.

யூதர் தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019-ல் தம் 96-வது வயதில் காலமானார். மிஞ்சியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். யூத மரபுப்படி கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். வெளிநாட்டிலிருந்து யாத்திரிகர்கள் வந்து சேரும் நாளில் மட்டுமே இங்கே அந்த எண்ணிக்கை தேறும்.