மோட்டார் ஹோமில் டிவிக்கு ஒரு 12 வோல்ட் சாக்கெட்

மோட்டார் ஹோம் என்றதும் நம்மவர்களுக்கு ஷூட்டிங்கில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவன்தான் ஞாபகம் வரும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து பக்கம் அது சாதாரணக் குடும்பங்களின் விடுமுறை வீடு. கட்டில், அடுப்பு, கழிப்பறை, டிவி எல்லாம் ஒரே வண்டிக்குள்.

இதில் மின்சாரம் இரண்டு வகை. கேம்ப்சைட்டில் நிறுத்தி, நீல பிளக் வைத்த கேபிளைச் செருகினால் 230 வோல்ட். ஏரிக்கரையில் நிறுத்தினால் அது கிடையாது. வீட்டுப் பகுதிக்கென்று தனியாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரிதான் கதி. பழைய வண்டிகள் பலவற்றில் டிவி வைக்கும் இடத்தில் 230 வோல்ட் சாக்கெட் மட்டும்தான் இருக்கும். அங்கே டிவி சும்மா ஒரு கறுப்புக் கண்ணாடி.

உடனே தோன்றும் வழி இன்வெர்ட்டர். (கரண்ட் கட் புண்ணியத்தில் இதை நம்மூரில் யாருக்கும் விளக்க வேண்டாம்!) ஆனால் கூத்தைப் பாருங்கள். பேட்டரியின் 12 வோல்ட்டை இன்வெர்ட்டர் 230 ஆக்குகிறது. சின்ன டிவிகள் பலவற்றின் அடாப்டர் அதை மறுபடியும் 12 ஆக்குகிறது. ஏறி இறங்குவதில் இரண்டு முறை நஷ்டம். 36 வாட் டிவி நேராக 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும். நாலு மணி நேரத்துக்கு 12 ஆம்பியர்-அவர். ஒவ்வொரு மாற்றத்திலும் 15 சதவீதம் வீணாவதாக வைத்துக்கொண்டால் அதே டிவிக்கு 16.6 ஆகிவிடும்.

"4.6 தானே" என்று விட முடியாது. 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். ஆக, கையிருப்பு 50தான். அதில்தான் விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் ஃபேன் எல்லாம் ஓட வேண்டும். குளிர்காலத்தில் கேஸ் இருந்தும் ஃபேனுக்குக் கரண்ட் இல்லாமல் போனால், ராத்திரி பார்த்த சீரியலுக்கு விடிகாலையில் பல் கிட்டித்து வட்டி கட்ட வேண்டியதுதான்.

சரி, நேரடி சாக்கெட். பலர் பக்கத்தில் போகும் விளக்கு வயரிலேயே ஒட்டுப் போட்டுவிடுகிறார்கள். அது மெலிசான வயர். பேட்டரி 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர் செம்பு. 0.75 ஸ்கொயர் எம்.எம். வயரில் 3 ஆம்பியர் ஓடினால் சுமார் 0.7 வோல்ட் வழியிலேயே தொலையும், 2.5 வயரில் 0.2தான். பேட்டரி பாதி இறங்கிய நேரத்தில் அந்த அரை வோல்ட்டுக்காக டிவி அணைந்து அணைந்து எரியும். காரில் பாடியே நெகடிவ். இங்கே சுவர் மரமும் ஃபைபரும் என்பதால் இரண்டு வயரையும் இழுத்தாக வேண்டும்.

ஃப்யூஸ் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 5 ஆம்பியர் போதும், ஆனால் அது பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், டிவி பக்கத்தில் அல்ல. அது காப்பாற்றுவது வயரை. நடுவில் எங்காவது வயர் உரசி ஷார்ட் ஆனால் அந்தப் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். பிளைவுட்டுக்குப் பின்னால் வயர் பற்றி எரியும். அந்தப் பிளைவுட்டை ஒட்டித்தான் குழந்தைகள் தூங்குகிறார்கள். 12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது என்பதாலேயே இதில் அலட்சியம் அதிகம்.

இன்னொன்று, 12 என்பது பேருக்குத்தான். எஞ்சின் ஓடும்போது 14.4 வரை ஏறும். எல்லா டிவியும் அதைத் தாங்காது. தாங்காததற்கு நடுவில் ஒரு ஸ்டெபிலைசர் வேண்டும். 19 வோல்ட் கேட்கும் டிவி என்றால் வோல்டேஜை ஏற்றித் தரும் கன்வெர்ட்டர் தேவை. பாசிட்டிவ், நெகடிவ் மாறினால் டிவியே போய்விடும், மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே செருகுவது நல்லது.

சிகரெட் லைட்டர் மாடல் சாக்கெட் எங்கும் கிடைக்கும். ஆனால் அது சிகரெட் பற்றவைக்கப் பிறந்தது. பிளக்கை வெறும் ஸ்பிரிங்தான் பிடித்திருக்கும், குண்டும் குழியுமான ரோட்டில் தளர்ந்துவிடும். வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் டிவியை ஓடவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் பிடி சரியில்லை, கழற்றி மாட்ட வேண்டும்.