ஊசி போட்ட ஓட்டை

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் 1620-ல் கட்ட ஆரம்பித்த டேனிஷ் கோட்டையைப் பார்த்துவிட்டு வருவார்கள். நான் ஒரு தையல் மெஷினைப் பார்த்துவிட்டு வந்தேன்.

2004 சுனாமிக்குப் பிறகு தையல் கற்றுக்கொண்ட அக்கா அவர். இப்போது தோலில் மணிபர்ஸ் தைக்க ஆசை. ''லோன் போட்டு மெஷின் வாங்கப் போறேன். நீங்க பி.காம். ஆச்சே தம்பி, எதை வாங்கலாம்?''

பி.காமில் மெஷினின் தேய்மானம்தான் சொல்லிக்கொடுத்தார்கள், மெஷினை அல்ல. விசாரித்தேன். உங்களுக்கும் உதவலாம்.

துணி தைக்கிற மெஷினில் கீழே இருக்கும் பல் மட்டும்தான் நகர்த்தும். மேல் தோல் பாதத்தில் ஒட்டிக்கொண்டு பின்தங்கிவிடும். தையல் கோணும். பிரித்துத் தைக்கலாமே என்கிறீர்களா? துணியில் ஊசி போட்ட ஓட்டை மறையும்; தோலில் மறையாது.

அதற்குத்தான் வாக்கிங் ஃபுட் மெஷின். பாதமும் பல்லும் சேர்ந்து நடக்கும். அதற்காக, கனத்த தோலுக்கான பெரிய மெஷினைக் கடைக்காரர் காட்டினால் மயங்காதீர்கள். ஒரு மில்லிமீட்டர் தோலில் அதன் பல்தடம் பதிந்துவிடும். பர்ஸுக்குத் தட்டையான மேடை போதும். சர்வோ மோட்டார் என்றால் ஒவ்வொரு தையலாக, நிதானமாக ஓட்டலாம்.

முக்கியமாக, உங்கள் தோலையும் நூலையும் கொண்டுபோய்க் கடையிலேயே தைத்துப் பாருங்கள்.

சொன்னேன். அக்கா சிரித்தார்.

''பார்த்துத்தான் வாங்கணும் தம்பி. தோல்ல விழுந்த ஓட்டையும் கடன்ல விழுந்த ஓட்டையும் ஒண்ணுதான்!''