படிக்காமல் கொடுத்த சம்மதம்

“ஆயிரம் கோடிக்கு மேல ஒரு காயின்கூட வராது சித்தப்பா. கவர்மென்ட் நோட்டு அடிக்கிற மாதிரி இதுல அடிக்க முடியாது.”

2021-ல் இப்படிச் சொல்லித்தான் என் சித்தப்பாவை மேட்டிக் என்ற கிரிப்டோ காயின் வாங்க வைத்தேன். மணப்பாறைச் சந்தையில் மாடு விற்ற பணம் அது. நான் சொன்னது அன்றைக்கு உண்மைதான். அது உண்மையில்லாமல் போகப்போகிறது என்று பின்னால் வெளிப்படையாக எழுதி வைத்தார்கள், நான் படிக்கவில்லை. அது முதல் குற்றம். தெரிந்துகொள்ளாமலே அவருக்கு ஒரு பதில் சொல்லி அனுப்பினேன். அது இரண்டாவது, முதலைவிடப் பெரியது.

மருங்காபுரி வட்டாரத்தில் ஜிஎஸ்டி, வருமானவரிக் கணக்குப் பார்த்துப் பிழைப்பவன் நான். கிரயமோ அடமானமோ, கையெழுத்துப் போடுமுன் பத்திரத்தை என்னிடம் காட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ‘இந்த வரி எதுக்கு இங்க வந்துச்சு?’ என்று விரல் வைத்துக் கேட்பேன். 2022 பட்ஜெட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரியும், அந்த ஜூலையிலிருந்து 1 சதவீதப் பிடித்தமும் வந்தபோது இங்கே பலருக்கு விளக்கியதும் நான்தான். இவனுக்குத் தெரியும் என்று ஊர் நம்பியது. நானும் நம்பினேன்.

மேட்டிக், பாலிகான் நெட்வொர்க்கின் காயின். ஜெயந்தி கனானி, சந்தீப் நைல்வால், அனுராக் அர்ஜுன் ஆகியோர் 2017-ல் தொடங்கியது. நம் நாட்டுக்காரர்கள் என்பதே எனக்குப் பாதி நம்பிக்கையைத் தந்துவிட்டது. மொத்தக் காயின் 1,000 கோடி. அதில் 12 சதவீதம், அதாவது 120 கோடி, ஸ்டேக்கிங் வெகுமதிக்கென்று முன்பே ஒதுக்கப்பட்டிருந்தது. பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் வேலிடேட்டர்கள் காயினைப் பிணையாகக் கட்டிவைப்பார்கள்; அதுதான் ஸ்டேக்கிங். நம் காயினை அவர்கள் பொறுப்பில் ஒப்படைத்தால், வரும் வெகுமதியில் அவர்கள் கமிஷன் போக மீதி நமக்கு.

என் காயினை ஒப்படைத்தேன். சித்தப்பாவுடையதை ஒப்படைக்கவில்லை. பாலிகானின் ஸ்டேக்கிங் நடப்பது எத்தீரியம் என்ற இன்னொரு நெட்வொர்க்கின் மேல். அங்கே எதைத் தொட்டாலும் கட்டணம். அவருடைய சிறு தொகைக்குக் கட்டணமே வெகுமதியைத் தின்றுவிடும். “சும்மா கெடக்கட்டும்” என்று விட்டுவிட்டேன்.

அந்த 120 கோடி தீர்ந்தபின் வேலிடேட்டர்களுக்கு எங்கிருந்து கொடுப்பார்கள்? கணக்குப் பார்ப்பவனுக்கு முதலில் எழவேண்டிய கேள்வி இது. எனக்கு எழவில்லை. 2023 ஜூலையில் பாலிகான் தரப்பே அதற்குப் பதில் வெளியிட்டது. மேட்டிக்குக்குப் பதிலாக பிஓஎல் என்ற புதிய காயின், ஒன்றுக்கு ஒன்று. 1,000 கோடி வரம்பு இனி இல்லை. ஆண்டுக்கு 2 சதவீதம் புதிதாக உருவாக்கி, பாதியை வேலிடேட்டர்களுக்கும் பாதியைச் சமூக நிதிக்கும் கொடுப்பது என்பது திட்டம். செப்டம்பரில் முறையான முன்மொழிவுகள் வந்தன. அக்டோபர் 25 அன்று புதிய காயின் எத்தீரியத்தில் ஏறியது. ஆரம்ப ஆண்டுகளின் வெகுமதி விகிதம் பற்றித் தனி முன்மொழிவும் வந்தது. 2024 செப்டம்பர் 4 அன்று மாற்றம் நடந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக எல்லாம் பொதுவில் கிடந்தது.

மாற்றம் தவறு என்று நான் வாதாட வரவில்லை. ஒதுக்கிய காயின் தீர்ந்து, கட்டண வருமானமும் போதாவிட்டால், காவல் காப்பவர்களுக்குக் கூலி எங்கிருந்தாவது வந்தாகவேண்டும். ஆனால் அந்தக் கூலியை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஒப்படைத்திருந்த என் காயின்கள் தாமாகவே பிஓஎல் ஆயின; நான் ஒரு பொத்தானைக்கூட அழுத்தவில்லை. புதிதாகப் பிறக்கும் காயினில் எனக்குப் பங்கு வருகிறது. சித்தப்பாவுக்கு வருவதில்லை. மொத்தம் பெருகப் பெருக அவருடைய பங்கு சிறுத்துக்கொண்டே போகும். எனக்கு வரும் வெகுமதியில் ஒரு துளி அவரிடமிருந்து வருகிறது.

“மேட்டிக்கக் காணோம்ப்பா, வேற ஏதோ பேரு காட்டுது” என்று அவர் போனை நீட்டியபோது நான் சொன்னது இது: “அவங்களா மாத்திட்டாங்க சித்தப்பா. யார்கிட்டயும் கேக்கல.”

“சரி, அதுக்கு நீ என்னப்பா பண்ணுவ” என்று போய்விட்டார்.

அதன் பிறகுதான் எல்லாவற்றையும் தேடிப் படித்தேன். பாலிகானில் காயினை ஒப்படைத்த என்னைப் போன்றவர்களுக்கு நேரடி ஓட்டு இல்லை என்பது உண்மைதான். வேலிடேட்டர்களும் 13 பேர் கொண்ட நெறிமுறைக் குழுவும்தான் முடிவுகளை நடைமுறைக்குக் கொண்டுவருகிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். ஆனால் ஓட்டு இருந்த இடத்திலும் நான் அதே ஆள்தான்.

காஸ்மாஸ் ஹப் என்ற வேறொரு நெட்வொர்க்கில் எனக்குக் கொஞ்சம் ஆட்டம் காயின் உண்டு. அங்கே 2023 நவம்பரில் 848-ஆம் முன்மொழிவு ஓட்டுக்கு வந்தது. புதுக் காயின் உருவாகும் உச்ச விகிதத்தை ஆண்டுக்கு 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைப்பது என்பது அதன் சாரம். ஆதரவு 41.1 சதவீதம், வீட்டோவையும் சேர்த்து எதிர்ப்பு 38.5; மீதி நடுநிலை. மயிரிழையில் நிறைவேறியது. 19 சதவீதம் அளவில் இருந்த ஸ்டேக்கிங் வருமானம் 13 சதவீதம் பக்கம் இறங்கியது. நான் ஓட்டுப் போடவில்லை. அங்கே விதி என்னவென்றால், காயினை ஒப்படைத்தவன் ஓட்டுப் போடாவிட்டால் அவனுடைய வேலிடேட்டரின் ஓட்டே அவனுக்கும் சேர்த்து எண்ணப்படும். என் பேரில் ஒரு ஓட்டு விழுந்திருக்கிறது. எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல், வருமானம் குறைந்துவிட்டதென்று மாதக்கணக்கில் புலம்பினேன்.

கிராம சபைக்கு வராமல், பிறகு தீர்மானப் புத்தகத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு, ‘ரோட்டை யாரக் கேட்டு அங்க போட்டாங்க’ என்று டீக்கடையில் கேட்பவர்களைக் கிண்டல் செய்தவன் நான். அவர்களாவது தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள்.

சின்னவர்களால் ஒன்றும் ஆகாது என்ற சாக்கும் எனக்கில்லை. 2025 மார்ச்சில் சோலானா என்ற நெட்வொர்க்கில், புதுக் காயின் உருவாகும் வேகத்தை ஸ்டேக்கிங் அளவோடு சேர்த்துக் கட்டும் ஒரு முன்மொழிவு ஓட்டுக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. கிடைத்தது சுமார் 61 சதவீதம். தோற்றது. வெகுமதி குறைந்தால் தாங்க முடியாத சிறு வேலிடேட்டர்கள் பெரும்பாலும் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். படித்தார்கள், கணக்குப் போட்டார்கள், வந்தார்கள்.

என் ஓட்டு எங்கேயும் எதையும் மாற்றியிருக்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் 2023-லேயே படித்திருந்தால், “நான் சொன்ன வரம்பு போகப்போவுது சித்தப்பா, வச்சுக்கிறதா விக்கிறதான்னு நீங்க முடிவு பண்ணுங்க” என்று ஒரு வருடம் முன்பே சொல்லியிருக்க முடியும். அந்த முடிவெடுக்கும் உரிமையை அவரிடமிருந்து பறித்தவன் நான், பாலிகான் அல்ல. இதை அவரிடம் நேரில் சொல்லிவிட்டேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முன்மொழிவைப் படிக்க நேரம் இல்லாதவர்கள் காயினை ஒப்படைக்காதீர்கள். படிக்காமலே ஒப்படைத்திருந்தால், உங்கள் வேலிடேட்டர் உங்கள் பெயரில் எப்படி ஓட்டுப் போட்டார் என்றாவது இன்று பாருங்கள். இரண்டும் செய்ய முடியாதென்றால், சொந்தக்காரர்களுக்கு மட்டும் யோசனை சொல்லாதீர்கள்.