மசால் வடை இலைக்கு வந்த பிறகு

"புளியோதரையெல்லாம் இங்க கிடையாது மாமா. வடை உண்டாம்" என்று சேலத்து மருமகள் ஒருவர் மாமனாரைத் தேற்றிக்கொண்டிருந்தார். திருமலையில் வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கட்டடத்து வரிசை அது. நல்ல உச்சி வெயில். தரிசனம் முடித்து வந்தவர்களின் பேச்சு பெருமாளை விட்டு இறங்கி இலைக்கு வந்திருந்தது.

அந்தப் பெரியவரின் ஏக்கம் நியாயமானதுதான். திருமலை என்றதும் நம் நாக்கு நினைப்பது கோயில் பிரசாதத்தை: நெய் மணக்கும் லட்டு, மிளகு தூக்கலான புளியோதரை, கல்யாண உற்சவம் செய்தவர்கள் ஊருக்குக் கொண்டுவரும் அந்தப் பெரிய கறுப்பு உளுந்து வடை. அவையெல்லாம் 'போட்டு' என்று இங்கே சொல்லும் மடைப்பள்ளியில், எதில் எவ்வளவு என்ற பழைய கணக்குப்படி ஆகிறவை. இந்தக் கூடத்துச் சோறோ தனிச் சமையலறையில் நீராவியில் அண்டா அண்டாவாக வேகிறது. இரண்டையும் பிரசாதம் என்றே சொல்வதால் பாவம், ஜனங்கள் ஒன்றின் ருசியை மனதில் வைத்துக்கொண்டு மற்றதன் முன்னால் உட்காருகிறார்கள்.

கதவு திறந்ததும் ஓட்டமும் நடையுமாக உள்ளே போனோம். கட்டடத்தில் இப்படி நாலு கூடங்கள். ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேர்வரை உட்காரலாம். 2011 ஜூலையில் பிரதிபா பாட்டீல் குடியரசுத் தலைவராக இருந்தபோது திறந்துவைத்தது. 1985இல் அப்போதைய ஆந்திர முதல்வர் என்.டி.ராமராவ் அன்னதானத் திட்டத்தைத் தொடங்கியபோது நாளொன்றுக்கு 2,000 பேருக்குத்தான் சாப்பாடு. தரிகொண்ட வெங்கமாம்பா பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர். சிறு வயதிலேயே கணவனை இழந்தும் பூவையும் பொட்டையும் விட மறுத்து, ஊராரின் ஏச்சைத் தாங்கி, கடைசியில் மலைக்கே வந்து தங்கிவிட்டவர் என்று சொல்வார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு அவர் பெயரை வைக்கத் தோன்றியவரை மெச்சத்தான் வேண்டும்.

இலை போட்டாயிற்று. ஆரஞ்சுத் துண்டு அணிந்த ஸ்ரீவாரி சேவகர்கள் வாளிகளோடு வந்தார்கள். சர்க்கரைப் பொங்கல், பொரியல், தேங்காய்ச் சட்னி, சோறு. "கோவிந்தா!" என்று யாரோ ஒரு மூலையில் எழுப்ப, கூடமே வாங்கிச் சொன்னது. சோற்றுக் குவியலில் சாம்பார் குழி வெட்டுவதற்குள் அடுத்த வாளி வந்து நிற்கிற வேகம். நிதானமாக ரசித்துச் சாப்பிடுகிற இடமல்ல இது. வெளியே அடுத்த ஆயிரம் பேர் நிற்கிறார்கள்.

சர்க்கரைப் பொங்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். இனிப்பு திட்டமாக, குழைவாக இருந்தது. நெய்யை மட்டும் தேட வேண்டியிருந்தது. சட்னியில்தான் வேடிக்கை. சேலத்துப் பெரியவர் அதைத் தொட்டுக்கொள்ள ஏதோ வரப்போகிறது என்று ஓரமாக ஒதுக்கி வைத்துக் காத்திருந்தார். எதிர்வரிசையில் ஒரு தெலுங்குக் குடும்பம் அதே சட்னியைச் சுடுசோற்றில் போட்டுப் பிசைந்து பாதிச் சோற்றை முடித்துவிட்டது. சாம்பார் வந்ததும் கணக்கு மாறியது. நம்மவர்கள் குழி நிறைய வாங்கினார்கள், முகம் மலரவில்லை. வெங்காயமும் பூண்டும் இல்லாத சாம்பார்; எந்த மாநிலத்து வயிற்றையும் கடுக்கச் செய்யாத பதம். காரம் வேண்டுகிறவருக்குச் சப்பென்று இருக்கும், பல் போன பாட்டிக்கு இதமாக இருக்கும். இத்தனை ஊர்க்காரர்கள் உட்காரும் பந்தியில் ஒருவர் நாக்குக்கு மட்டும் எப்படி உப்புப் போடுவது? ஆனாலும் அந்தச் சாம்பாருக்கு இன்னும் ஒரு பிடி புளி தாங்கும் என்றுதான் சொல்வேன்.

பிறகு வடை. 2025 மார்ச்சில் தேவஸ்தானம் சேர்த்த புது அயிட்டம் இது. கடலைப்பருப்பு, பச்சை மிளகாய், இஞ்சி, சோம்பு, புதினா, கொத்தமல்லி, கறிவேப்பிலை. டீக்கடை மசால் வடையின் உயிரே வெங்காயம்தானே, அது இல்லாமல் என்னத்தைச் சுடுவார்கள் என்று நினைத்துத்தான் கடித்தேன். ஓரம் மொறுமொறுப்பாக இருந்தது. வெங்காயம் விட்ட இடத்தைச் சோம்பும் புதினாவும் பிடித்துக்கொண்டிருந்தன. ஆறிய வடை வரிசையில் யாருக்காவது விழுந்திருக்கலாம். எனக்கு விழுந்தது சூடு. கோவிந்தா முழக்கம் அடங்கியபின் கூடத்தில் இருந்த ஆஸ்பத்திரி அமைதி கலைந்து, பேச்சு எழுந்தது வடை வந்த பிறகுதான். சோறு, சாம்பார், ரசம், மோர் என்றால் அது சாப்பாடு. வடை விழுந்ததும் விருந்தாகிவிடுகிறது. இன்னொன்று கேட்ட பையனைப் பார்த்துச் சேவகர் சிரித்துக்கொண்டே வாளியைத் தள்ளிக்கொண்டு போனார்.

யார் வீட்டுக் காசு இது? அன்னப்பிரசாத டிரஸ்டுக்கு வரும் நன்கொடைதான். ஒரு நாள் முழுச் சாப்பாட்டையும் ஒருவரே ஏற்க 44 லட்சம் ரூபாய்; காலைக்கு 10, மதியத்துக்கு 17, இரவுக்கு 17 என்று பிரித்தும் கட்டலாம். காய்கறி லாரியாகவே அனுப்புகிறவர்களும் உண்டு. இதையெல்லாம் தெரிந்துகொண்டு சாம்பாரைக் குறை சொல்லக் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. ஆனால் இலவசம் என்பதால் ருசியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றால் வடை வந்தே இருக்காது.

கடைசியில் ரசமும் மோரும். ரசம் சுள்ளென்று, சாம்பாரின் பாவத்தைக் கழுவியது. மோர்ச் சோறு அதைவிட மேல். குலசேகரன் படியைத் தாண்டிக் கருவறைக்குள் பெருமாளுக்குப் போவது மண்சட்டியில் தயிர்சாதம் மட்டும்தான் என்பது மலையில் எல்லாரும் சொல்லும் செய்தி. அவருக்கே அவ்வளவுதான் மெனு.

இந்தக் கூடத்துக்கு வருகிறவர்கள் மதியப் பந்திக்கு வருவது நல்லது. வெயில் வரிசையின் பசியும் சேர்ந்துகொள்ளும். சாம்பாரைக் கொஞ்சமாக வாங்கி ரசத்துக்கு இடம் வையுங்கள். சட்னியை ஒதுக்காமல் சோற்றில் பிசைந்து பாருங்கள். புளியோதரைதான் வேண்டும் என்பவர்கள், கோயிலுக்குள்ளேயே தரிசனம் முடிந்து வரும் வழியில் தொன்னையில் கொடுப்பதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அங்கே அன்றைக்குப் புளியோதரையா, பொங்கலா, தயிர்சாதமா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.