மூன்று மாதத் தண்ணீருக்கு ஒரு காற்றுப் பலகை

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது நரிக்குடி. மிளகாயும் பருத்தியும் வானத்தைப் பார்த்து விளையும் மானாவாரி பூமி. சாலையின் இரு பக்கமும் வேலிக்கருவை. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. ஆனால், ஊர்ப் பெயர்களைக் கேட்டால் வறண்ட சீமை என்று நம்ப முடியாது. மருது சகோதரர்கள் பிறந்த பக்கத்து ஊரின் பெயர் முக்குளம். ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர் திருச்சுழி. பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சுழித்துப் பூமிக்குள் அனுப்பிய தலம் என்கிறது அங்குள்ள கோயிலின் தல புராணம்.

பெயரில் இருக்கும் தண்ணீர் கண்மாய்க்கு வர ஐப்பசி பிறக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை கைகொடுத்து, வைகைத் தண்ணீரும் கிருதுமால் நதி வழியாக வந்து சேர்ந்தால் கண்மாய் தளும்பும். பிறகு வற்ற வற்ற மீன்பிடித் திருவிழா. கோடை முற்றினால் அதே இடத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள்.

இந்தப் பக்கம் நீச்சல் பழகிய பழைய தலைமுறைக்கு மிதவை என்றால் முதுகில் கட்டிய சுரைக்குடுக்கை, வாழைத்தண்டு, லாரி டியூப். இன்றைய பிள்ளைகள் செல்போனில் பார்ப்பது வேறு. பலகை மேல் நின்றபடி துடுப்புப் போடும் பேடில் போர்டு! காற்றடித்து விரிக்கும் ரகம் ஆன்லைனில் கிடைக்கிறது என்று தெரிந்ததும், ‘நம்மளும் ஒண்ணு வாங்கலாமாப்பா?’ என்ற கேள்வி வந்துவிடுகிறது. மூன்று மாதம் மட்டும் தண்ணீர் பார்க்கும் ஊருக்கு இது சரிப்படுமா?

முதலில் ஏறிப் பாருங்கள்

நின்று துடுப்புப் போடுவது தமிழ்நாட்டுக் கடற்கரைக்குப் புதிதல்ல. உலகம் சொல்லும் ‘கேட்டமரான்’ என்ற சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். இன்றைய பேடில் போர்டு விளையாட்டு ஹவாய் தீவுகளிலிருந்து பரவியது. அதிலும் சென்னைக்கு அருகே கோவளத்தைச் சேர்ந்த சேகர் பச்சை தேசிய அளவில் பட்டம் வென்றிருக்கிறார்.

நரிக்குடிக்காரர்களுக்குக் கோவளம் தூரம். ராமநாதபுரம் பக்கம். ரயிலில் போனால் மானாமதுரையில் மாறிக்கொள்ளலாம். பஸ்ஸில் போனால் பார்த்திபனூர், பரமக்குடி வழி. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில் உச்சிப்புளியை ஒட்டிய பிரப்பன்வலசை, பாக் நீரிணைக் கரையில் நீர் விளையாட்டுகளுக்குப் பேர்பெற்ற இடம். தொண்டி சாலையில் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் படகிலும் கயாக்கிலும் போகலாம். வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள்.

பலகை வாங்கும் முன் குடும்பத்தோடு ஒருநாள் பயிற்சியாளர் இருக்கும் இடத்துக்குப் போய், வாடகைப் பலகையில் ஏறிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் யாருக்குப் பிடிக்கிறது, யாருக்கு முழங்கால் நடுங்குகிறது என்று தெரிந்துவிடும். பெரிய செலவைத் தவிர்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

காற்று எப்படிப் பலகையாகிறது?

பைபர் பலகையை ரயிலில் கொண்டுபோக முடியாது. வீட்டில் வைக்கவும் இடம் போதாது. காற்றுப் பலகையைச் சுருட்டினால் முதுகுப் பைக்குள் அடங்கும். எடை சுமார் 8 முதல் 11 கிலோ. வறண்ட ஊருக்கு இதுதான் அதன் பெரிய வசதி. தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

பலூன் மாதிரி உப்பாமல் தட்டையாக நிற்கும் ரகசியம் உள்ளே இருக்கிறது. மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடிக்கின்றன. இந்த வகைத் துணியை வைத்துத்தான் 1956-ல் அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் காற்றடைத்த விமானத்தையே பறக்கவிட்டது!

மலிவு விலையில் ஏமாறுவதும் இங்கேதான். நீச்சல்குளத்தில் படுத்து மிதக்கும் விளையாட்டு மிதவையைக்கூட ‘போர்டு’ என்று விற்பார்கள். கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: எத்தனை பிஎஸ்ஐ காற்று? நல்ல பலகைக்கு 12 முதல் 15 வரை சொல்வார்கள். ஒன்று, இரண்டு என்று இருந்தால் அது பொம்மை. ஏறி நின்றால் நடுவில் மடங்கிவிடும்.

அளவு பார்த்து வாங்குங்கள்

புதிதாகப் பழகுபவருக்கு நீளம் 10 முதல் 11 அடி, அகலம் 32 முதல் 34 அங்குலம், கனம் 6 அங்குலம். அகலம் கூடினால் ஆட்டம் குறையும். ஒல்லியான பந்தயப் பலகை அழகாக இருக்கும், ஆனால் நிற்கவிடாது. பெட்டியில் போட்டிருக்கும் எடை வரம்பு, ஏறுபவரின் எடையைவிட நன்றாகவே அதிகமாக இருக்கட்டும். முன்னால் பிள்ளையை உட்கார வைக்கப்போகிறீர்கள் என்றால் இரண்டு பேர் எடையையும் கூட்டிப் பாருங்கள்.

துடுப்பு, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையாக இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றே போதும். ஆள் உயரத்தைவிட ஒரு சாண் கூடுதல் என்பது கணக்கு. அடியில் மாட்டும் துடுப்பைக் கழற்ற முடிகிறதா, கண்மாய் போன்ற ஆழமில்லாத தண்ணீருக்குச் சின்ன துடுப்பு மாட்டலாமா என்றும் கேளுங்கள்.

விலையை ஒப்பிடும்போது பம்ப், துடுப்பு, காலில் கட்டும் கயிறு, பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாம் சேர்ந்த விலையா என்று பாருங்கள். பலகை மட்டும் மலிவாக வந்து, மற்றவற்றைத் தனித்தனியே வாங்கினால் கணக்கு எகிறும். லைஃப் ஜாக்கெட் பெரும்பாலும் தனிச் செலவுதான். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். 50 நியூட்டன் என்று போட்டிருப்பது நீச்சல் தெரிந்தவர்களுக்கு. தெரியாதவர்களுக்கு 100 நியூட்டன் வேண்டும்.

கண்மாய் சொல்லும் எச்சரிக்கை

ஊர்க் கண்மாயில் இறக்கலாமா? யோசித்துத்தான் செய்ய வேண்டும். தண்ணீருக்கு அடியில் வெட்டிய கருவேல மரத்தின் மூடும் முள்ளும் கிடக்கும். மண் அள்ளிய பள்ளம் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. இடுப்பளவு என்று நினைத்துக் கால் வைத்த இடத்தில் ஆள் மூழ்கும். விடுமுறை நாட்களில் பிள்ளைகளைக் காவு வாங்குவது இந்தப் பள்ளங்கள்தான். காற்றுப் பலகை உயிர்காக்கும் கருவி இல்லை; விழுந்த ஆளை விட்டுத் தள்ளிப் போய்விடும்.

கோடையில் கண்மாய் வற்றியிருக்கும்போதே ஒருமுறை நடந்து, பள்ளம் எங்கே, மூடு எங்கே என்று பார்த்து வைத்தவர்களுக்குத்தான் மழைக்காலத்தில் வழி தெரியும். தண்ணீர் ஓடும் மடைக்கும் கலுங்குக்கும் அருகே போகவே கூடாது. மீன் குத்தகைக்கு விட்ட கண்மாயில் வலை கிடக்கும். ஊராரையும் குத்தகைக்காரரையும் கேட்டுவிட்டு இறங்குங்கள். குடிநீர் ஊருணி பக்கம் வேண்டவே வேண்டாம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற பறவைகள் சரணாலயங்களும் பலகைக்கான இடமில்லை.

கடலில் பகை காற்று. சோழகக் காற்று வீசும் காலத்தில் பாக் நீரிணைக் கரையில் கடல் தட்டையாகத் தெரியும். ஆனால், அந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். போவது சுகம், திரும்புவது பாடு. காலை வெயில் ஏறும் முன் இறங்கி, கரையை ஒட்டியே துடுப்புப் போட்டுத் திரும்பிவிடுங்கள். காலில் கயிறு எப்போதும் இருக்கட்டும். கரைக்கு வந்ததும் பலகையை நிழலில் போட்டுக் கொஞ்சம் காற்றை இறக்குங்கள். நம் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்தால் தையல் விட்டுவிடும்.

வாங்கலாமா, வேண்டாமா?

ஒரு கணக்குப் போடுங்கள். பலகையும் சாமான்களும் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8 நாள், மூன்று ஆண்டுகள் என்றால் ஒரு நாளுக்கு 1,000 ரூபாய். அதைவிடக் குறைவான வாடகையில் பலகை கிடைத்தால் வாங்க வேண்டியதில்லை. இரண்டு, மூன்று உறவுக்காரக் குடும்பங்கள் சேர்ந்து பங்கு போட்டால் கணக்கே மாறும். மழை பொய்த்த ஆண்டில் பலகை பரணில் தூங்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை கொடுத்த ஆண்டில், முதல் வேலையாகப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுங்கள். அதற்குப் பழைய சுரைக்குடுக்கையே போதும்.