கண்ணாடிக் குமிழும் காய்ச்சி வடித்த நீரும்

செஞ்சியில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றிய நாள்களில், நமது ஆய்வுக்கூடத்தில் பி.எச். மீட்டர் ஒன்று இருந்தது. மாணவர்க்குக் கற்பிக்கவென வாங்கியதுதான். ஆயினும் அக்கம் பக்கத்து உழவர் சிலர் தம் வயல் மண்ணைத் துணியில் முடிந்துகொண்டு வந்து நிற்பர். மறுக்க மனம் வராது. இருபது கிராம் மண்ணுக்கு ஐம்பது மில்லிலிட்டர் நீர் சேர்த்துக் கலக்கி, அளந்து சொல்லி அனுப்புவோம்.

2011 ஆம் ஆண்டு கோடை விடுமுறைக்குப் பள்ளி அடைத்தபோது, மீட்டரின் கண்ணாடி மின்வாயைக் கழுவி, காய்ச்சி வடித்த நீர் நிறைந்த குடுவையில் நிறுத்திவிட்டுச் சென்றோம். தூய நீரினும் பாதுகாப்பான இடம் வேறு ஏது என்பது நம் எண்ணம். ஜூனில் திரும்பிய முதல் வாரம், ஒரு புதன்கிழமை, முதிய உழவர் ஒருவர் மண்ணோடு வந்தார். மீட்டர் 8.8 எனக் காட்டியது.

"நிலம் களராகிவிட்டது, ஐயா. ஜிப்சம் இடவேண்டும்" என்றோம்.

"எத்தனை மூட்டை ஆகும், சார்?" என்று மட்டும் கேட்டார். வெள்ளிச் சந்தையில் இரண்டு ஆடுகளை விற்றுவிட்டால் சரியாகும் என்று தமக்குத் தாமே கணக்கிட்டபடி நடந்தார்.

இரவு உறக்கம் வரவில்லை. சென்ற பருவத்தில் அவ்வயல் நெல் நன்றாக விளைந்ததென்று அவரே சொல்லியிருந்தார். களர் நிலம் அப்படி விளையுமா? மறுநாள் காலை, ஏழு எனக் காட்டவேண்டிய தாங்கல் கரைசலில் மின்வாயை வைத்தோம். 8.1 என்றது! அளக்குமுன் செய்திருக்கவேண்டிய சோதனையை அளந்த பின் செய்தோம். மாலையே மிதிவண்டியில் அவர் வீட்டுக்கு ஓடினோம். ஆடுகள் வாசலில் கட்டியிருந்தன. "ஐயா, குற்றம் உங்கள் மண்ணில் இல்லை, நம் கையில்தான்" என்று சொன்ன பிறகே மூச்சு வந்தது.

நடந்தது இதுதான். மின்வாயின் நுனியிலுள்ள மெல்லிய கண்ணாடிக் குமிழின் மேல் நீரேறிய படலம் ஒன்று உண்டு. அது காய்ந்தால் குமிழ் மந்தமாகிவிடும். செஞ்சிப் பாறைகள் கோடையில் கக்கும் வெப்பத்தில் காய்வதற்கு நெடுநேரம் வேண்டுவதில்லை. ராஜகிரி மலைமேலும் நீர் தங்க வழிசெய்த முன்னோர் அருமை அறிந்தவர்கள். ஆனால் குமிழுக்கு எந்த நீரும் ஆகாது. மின்வாயினுள் பொட்டாசியம் குளோரைடு உப்புக்கரைசல் இருக்கிறது. உப்பற்ற நீரில் வாரக்கணக்கில் நிறுத்தினால், சிறு துளை வழியே உள்ளிருக்கும் உப்பு வெளியேறிவிடும். கரைசல் நீர்த்துப்போனால் மீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஓர் அலகு பிழை என்பது பத்து மடங்குப் பிழை.

அன்றிரவே பழைய கரைசலைக் கொட்டிப் புதியதை ஊற்றினோம். நூறு மில்லிலிட்டர் கரைசலில் 22.4 கிராம் பொட்டாசியம் குளோரைடு; உள்ளே ஊற்றவும் அதுவே, மின்வாயை நிறுத்தி வைக்கவும் அதுவே. அது கைவசம் இல்லையேல், நான்கு பி.எச். தாங்கல் கரைசல் சில நாளுக்கு உதவும். மூடியோரத்தில் வெண்ணிறமாய் உப்புப் பூத்தால் அஞ்சவேண்டாம், கழுவினால் போய்விடும். அளந்தபின் குமிழைத் துணியால் அழுத்தித் துடைக்கும் பழக்கம் நம் மாணவரிடம் இருந்தது. மெல்லிய தாளால் ஒற்றினாலே போதும். அளக்கும்போது நிரப்பு துளையைத் திறப்பதும், முடித்தபின் மூடுவதும் மறக்கக்கூடாது (நாம் பலமுறை மறந்திருக்கிறோம்).

இரவு முழுவதும் ஊறிய மின்வாய் ஏழில் ஏழைக் காட்டியது. ஒன்பதேகாலுக்குச் சற்றுக் குறைந்த 9.2 கரைசலிலும் தவறவில்லை. பெரியவரின் மண்ணை மீண்டும் அளந்தோம்: 7.7. ஜிப்சம் வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டும் அவர் வந்தார். முடிச்சை அவிழ்க்காமல் மேசையருகே நின்று, "முதலில் அந்த ஏழு தண்ணியைக் காட்டுங்க, சார்" என்றார்.